பக்கத்து நாட்டுப் பட்டியல்

1

போன வாரம் எங்கள் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசு இணையதளங்களின் முகவரிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதால், எந்த அச்சுப்பிரதியையும் கோப்பில் சேர்ப்பதற்கு முன் அதன் முகவரியைக் கடைசி எழுத்து வரை பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. படித்தோம் என்பதற்கு எல்லோரும் சுருக்கொப்பம் இட வேண்டும். பிரிவில் பதினோரு பேர். பத்துப் பேர் படிக்காமலே போட்டார்கள். நான் மூன்று முறை படித்துவிட்டுப் போட்டேன். பக்கத்து மேசைக்காரர், மதராசிக்கு எதிலும் சந்தேகம் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இந்த மாதத்தோடு நான் டெல்லிக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. திருக்கோவிலூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மத்திய அரசுத் தேர்வு எழுதி, கீழ்நிலை எழுத்தராக வந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் குளிர் எப்படி, சப்பாத்தி பழகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இங்கே ஒருவன் முதலில் பழகுவது வேறொன்று.

ரயிலில் என்னோடு வந்த வேலூர்க்காரர், பட்டாளத்தில் இருப்பவர், நிஜாமுதீன் தாண்டியதும் பெட்டியை இறக்கிக்கொண்டே எனக்குச் சொன்னது இது: யாராவது வழி கேட்டால் தெரியாது என்று சொல், நீ யாரிடமும் வழி கேட்காதே. அப்படியானால் எப்படிப் போய்ச் சேருவது என்று கேட்டேன். போய்ச் சேர்ந்துவிடுவாய் என்றார். அவரையும் சந்தேகப்பட்டு, அவர் காட்டிய பேருந்தில் ஏறாமல் அடுத்ததில் ஏறினேன். அது எங்கோ தள்ளியிருந்த ஓக்லாவுக்குப் போய்விட்டது.

2

நான் முதலில் தங்கியிருந்தது கிட்வாய் நகரில், அரசுக் குடியிருப்பில். வீடு என் பேரில் இல்லை. உலகநாதன் சார் பேரில் ஒதுக்கப்பட்டது. அவர் திருநெல்வேலிக்காரர், அப்போது வேறொரு அமைச்சகத்தில் மேல்நிலை எழுத்தர். இரண்டு அறை வீட்டின் பின்பக்க வராந்தாவைத் தட்டி வைத்து அடைத்து எனக்குக் கொடுத்திருந்தார். அரசு வீட்டில் இப்படி ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். அவ்வப்போது, அரசு வீடுகளை ஒதுக்கும் எஸ்டேட் அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருவார்கள். உறவினர் என்றால் விட்டுவிடுவார்கள்.

எனவே நான் உறவினர் ஆனேன். சாரின் மனைவிக்கு அண்ணன் மகன். சாதாரண நாளில் அவரை சார் என்பேன். கதவு தட்டினால் மாமா என்பேன். அவர் மனைவியை மட்டும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க எப்போதுமே அத்தை என்று கூப்பிட்டேன். இதில் ஒரு ஓட்டை இருந்தது. அவர்களுடைய மகள் கல்பனா என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். அத்தை மகள் எந்த ஊரில் மாமன் மகனை அண்ணா என்கிறாள்? சோதனைக்கு வருகிறவர் தமிழராக இருந்தால் அந்த ஒரு வார்த்தையிலேயே நாங்கள் பிடிபட்டிருப்போம். நல்லவேளை, வந்தவர்கள் எல்லாம் ஹரியானாக்காரர்கள்.

இப்படி ஒரு வீட்டில் இருப்பவன் எதையும் நேராக எழுதிக் கொடுக்க முடியாது. எந்தப் படிவத்திலும் டெல்லி முகவரி கேட்கும் இடத்தில் ஊர் முகவரியைத்தான் எழுதுவேன். எனக்கு வரும் கடிதங்கள் அலுவலகத்துக்கு வரும். நான் இந்த நகரத்தில் எங்கே படுத்து எழுகிறேன் என்பது அப்போது எந்தக் காகிதத்திலும் கிடையாது.

3

காகிதத்தைப் பற்றிச் சொல்லும்போது ஊரில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது படிக்கும்போது என் அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. துபாயில் கட்டட வேலை, பம்பாய்க்கு வந்து சேரவும் என்று ஆங்கிலத்தில். தெருவில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் வீட்டு வாசலில் பத்துப் பேர் நிற்க, நான் அதை உரக்கப் படித்தேன். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் மேலே கம்பெனி பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது, கீழே வட்ட முத்திரை இருந்தது. "எல்லாம் சரியா இருக்குதுபா" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையாட்டினார். என் வாழ்க்கையில் பெரியவர்கள் என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிய முதல் தடவை அது.

அண்ணன் பம்பாய் போனான். அந்த விலாசத்தில் ஒரு தையல் கடை இருந்தது. ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு ஏழு மாதம் ஓட்டலில் தட்டு கழுவினான். திரும்பி வந்தபோதும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

4

2002 என்று நினைக்கிறேன். மழைக்காலம் முடிகிற சமயம். கல்பனா தெற்கு டெல்லியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ஒப்பந்த நர்ஸாக இருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிப்பார்களா என்பது கடைசி நாள் வரை தெரியாது. உலகநாதன் சாருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கல்பனாவின் தம்பி ஒன்பதாவதில் இருந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் எங்கே குடியிருக்கும் என்பதை யாரும் பேசவில்லை, எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் கல்பனாவுக்கு பஹ்ரைனிலிருந்து ஒரு மருத்துவமனையின் வேலைக் கடிதம் வந்தது. லாஜ்பத் நகரில் இருந்த ஓர் ஏஜென்சி மூலம். அவள் முன்பே அவர்கள் வைத்த தேர்வை எழுதியிருந்தாள். தேறியவர்களின் பட்டியல் அந்நாட்டு சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும் என்று கடிதத்தில் முகவரியோடு போட்டிருந்தது. பதினைந்து நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

சார் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, எனக்கு இந்த கம்ப்யூட்டரெல்லாம் ஆவாது. நீ படிச்ச புள்ள. பாத்து எழுத்துல குடுத்துரு. வாயால சொன்னா எனக்கு நிக்காது."

கல்பனா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நானே பாக்கறேனே" என்றாள். அவளுக்கு ராத்திரி டூட்டி, பகலில் தூங்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

நான் கடிதத்தை அலுவலகக் கடிதம் போலப் பரிசோதித்தேன். எண் உண்டு. தேதி உண்டு. முத்திரை உண்டு. எல்லாம் சரியாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் கூடியது. என் அண்ணனுக்கு வந்ததிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் எனக்கு இரண்டு வாரக் கணினிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் சொன்ன ஒன்றை நான் வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்: சந்தேகமான காகிதத்தில் இருக்கும் முகவரியை நம்பாதே, போலிக் கடிதம் அச்சடிக்கிறவன் போலி முகவரியும் அச்சடிப்பான், முகவரியை நீயே கண்டுபிடி. நியாயமான பேச்சு. எனவே கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, மருத்துவமனையின் பெயரை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்தில் இருந்த சைபர் கஃபேக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு பஞ்சாபி. பணம் மணிக்கணக்கில். இணைப்பு ஆமை வேகம். அதனால் படங்கள் எதுவும் வராதபடி எல்லாக் கணினிப் பெட்டியிலும் அமைத்து வைத்திருந்தார். எழுத்து மட்டும் வந்தால் வேகமாக வரும். அரசு அமைச்சகங்களின் முகவரி எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், கடைசியில் நாட்டுக்கான இரண்டெழுத்து மட்டும் மாறும் என்பது எனக்குத் தெரியும். பஹ்ரைனுக்கு எந்த இரண்டெழுத்து என்பது தெரியாது. யோசித்துக்கொண்டே முதல் நாலைந்து எழுத்தை அடித்தேன். பெட்டி மீதியைத் தானே நிரப்பிக் காட்டியது. எனக்கு முன்னால் அதில் உட்கார்ந்தவர் யாரோ அடித்த முகவரி என்பது எனக்கு உறைக்கவில்லை. பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். கடைசி இரண்டெழுத்து ஏ, ஈ என்றிருந்தது. ஏ என்றால் அரபு என்று நானே அர்த்தம் சொல்லிக்கொண்டேன்.

பக்கம் திறந்தது. படம் வரவேண்டிய இடங்களில் காலிச் சதுரங்கள். அரபு எழுத்து. ஆங்கிலம் என்று இருந்ததை அழுத்தினேன். சுகாதார அமைச்சகம் என்று வந்தது. உள்ளே போய் மருத்துவமனைகளின் பட்டியலைத் தேடி எடுத்தேன். கல்பனாவுக்கு வேலை கொடுத்த மருத்துவமனை அதில் இல்லை. தேர்வுப் பட்டியல் என்ற ஒன்றே இல்லை. ஒரு மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். இல்லை.

எனக்கு உடம்பு லேசாகியது. உண்மையைச் சொல்ல வேண்டும்: வருத்தம் வரவில்லை. ஒரு திருப்தி வந்தது. இந்தத் தடவை ஏமாறவில்லை.

அச்செடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அலுவலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த பச்சை நிறக் குறிப்புத் தாளில், இடது பக்கம் ஓரம் விட்டு, எண் போட்டு எழுதினேன். ஒன்று, மேற்படி கடிதம் பரிசீலிக்கப்பட்டது. இரண்டு, அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபார்த்ததில் அப்படியொரு மருத்துவமனையோ தேர்வுப் பட்டியலோ இல்லை. மூன்று, எனவே கடிதம் உண்மையானதல்ல என்று கருதலாம். முடிவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது. கீழே ஒப்பமிட்டு அச்சுப்பிரதியை நூலால் கோத்தேன்.

சார் அதை லக்ஷ்மிபாய் நகரில் மகனோடு இருந்த கோபாலன் சாரிடம் எடுத்துப் போனார். கோபாலன் சார் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். கிட்வாய் நகர் தமிழர்கள் பெண் பார்ப்பதிலிருந்து பென்ஷன் வரை அவரிடம் கேட்காமல் செய்யமாட்டார்கள். அவர் என் குறிப்பைப் படித்தார். அச்சுப்பிரதியைப் புரட்டவில்லை. மேலதிகாரி புரட்டுவதில்லை, கீழே இருப்பவன் பார்த்திருப்பான் என்பதுதான் அந்த முறையின் அஸ்திவாரம். என் ஒப்பத்துக்குக் கீழே, ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சார் அதற்குக் கீழே தம் கையெழுத்தைப் போட்டார். ஒரு பெண்ணின் வேலை மூன்று கையெழுத்தில் முடிந்தது.

கல்பனா என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள். "அண்ணா, பக்கா? நல்லா பாத்தீங்களா?"

"ஒரு மணி நேரம் பாத்தேன்" என்றேன்.

"அச்சா" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனாள்.

மறுநாளே சார் ஏஜென்சிக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு கடிதம் அனுப்பினார். அதிகாரபூர்வமாகச் சரிபார்த்ததில் உங்கள் கடிதம் போலி என்று தெரிகிறது, இத்துடன் தொடர்பை முடித்துக்கொள்ளவும் என்று. கீழே, நகல்: காவல் துறை, தகவலுக்காக. சார் அவ்வளவு விரைவாக ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. மகளை அரபு நாட்டுக்கு அனுப்ப அவருக்கு மனமில்லாமல் இருந்ததோ, இல்லை என்ற பதிலுக்காகத்தான் என்னை அனுப்பினாரோ என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அதையும் சந்தேகம் என்று தள்ளிவிட்டேன். தள்ளக்கூடாத சந்தேகங்களைத் தள்ளுவதில் நான் கெட்டிக்காரன்.

5

இரண்டு வாரம் கழித்து, காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கல்பனா டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் நான் எடுத்த அச்சுப்பிரதி இருந்தது. எப்போது எடுத்துப் போனாள் என்று தெரியாது.

"அண்ணா, இது எந்த நாடு?"

பஹ்ரைன் என்றேன்.

"எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

காட்டப் பார்த்தேன். சுகாதார அமைச்சகம் என்று ஒவ்வொரு தாளிலும் இருந்தது. நாட்டின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. முதல் பக்கத்தில் இருந்திருக்கும். முதல் பக்கத்தை நான் அச்செடுக்கவில்லை, நின்று படிக்கவும் இல்லை.

அவளோடு வேலை செய்யும் ஒரு மலையாள நர்ஸ் நாலு வருஷம் வளைகுடாவில் இருந்தவளாம். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த முகவரியைப் பார்த்ததுமே, இது துபாய்க்காரர்களுடையது, பஹ்ரைனுடையது இல்லை என்று சொல்லிச் சிரித்தாளாம். பஹ்ரைன் மருத்துவமனை துபாய்க்காரர்கள் பட்டியலில் எப்படி இருக்கும் என்று கேட்டாளாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது. "அந்த சிஸ்டர் ஏஜென்சிக்காரங்களுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறவங்களா இருக்கும்" என்றேன்.

கல்பனா என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "மத்லப், எல்லாருமே சோர், திருடங்க, நீங்க மட்டும் சரி. அப்படித்தானே அண்ணா?" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்று அரைநாள் விடுப்புப் போட்டு சைபர் கஃபேக்குப் போனேன். இந்தத் தடவை கடிதத்தைக் கையில் எடுத்துப் போனேன். அதில் இருந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். இரண்டு முகவரிக்கும் கடைசி இரண்டெழுத்துதான் வேறு. திறந்தது. அரபு எழுத்து, காலிச் சதுரங்கள், ஆங்கிலத்துக்கு ஒரு வழி, சுகாதார அமைச்சகம். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். படம் இல்லாமல் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருந்தன. இதில் நாட்டின் பெயர் இருந்தது. மருத்துவமனை இருந்தது. தேறியவர்கள் பட்டியல் இருந்தது. இருபத்து மூன்றாவது பெயர் கல்பனா உலகநாதன்.

கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, என்ன மதராசி, முகம் இப்படி ஆகிவிட்டது என்று கேட்டார். டெல்லிக்கு வந்த நாளிலிருந்து, நான் மதராசி இல்லை, மதராஸ் எங்கள் ஊரிலிருந்து எவ்வளவோ தூரம் என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். தெற்கே இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்களைப் பற்றி ஊருக்கு எவ்வளவு கேலியாக எழுதியிருக்கிறேன். எனக்கு மட்டும் மேற்கே இருப்பதெல்லாம் துபாய்.

6

சாயங்காலம் சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் இருந்தபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தபால் போய்ச் சேந்துட்டு தம்பி. அட்டை திரும்பி வந்துட்டு. இனி என்ன செய்ய?"

இன்னொரு கடிதம் போடலாம் என்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியதை எப்படித் திரும்பப் பெறுவது, கோபாலன் சாருக்கு என்ன பதில் சொல்வது என்றார். தவறு என்னுடையது, அவருடையது இல்லையே என்றேன். கோப்பில் அப்படியெல்லாம் பிரித்துப் பார்க்க முடியாது என்றார். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்ததில் தன் குறிப்பு தப்பு என்று ஒருவன் எழுதிக் கொடுத்து அவர் பார்த்ததே இல்லையாம்.

கல்பனா அறையிலிருந்து வந்தாள். "நான் நாளைக்கு லாஜ்பத் நகர் போறேன். யாரும் வரவேண்டாம்" என்றாள்.

நான் போனேன். பேருந்தில் அவள் முன்பக்கம், நான் பின்பக்கம்.

ஏஜென்சி ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. எந்த மோசடிக்காரனின் இடம் எப்படி இருக்கும் என்று நான் மனத்தில் வைத்திருந்தேனோ அப்படியேதான் இருந்தது. குறுகலான படி, வாசலில் செருப்புக் குவியல். நடத்தியவர் அறுபது வயதிருக்கும் ஒரு பஞ்சாபி அம்மாள். கல்பனாவின் பெயரைக் கேட்டதும் இழுப்பறையிலிருந்து சாரின் கடிதத்தை எடுத்து மேசைமேல் போட்டார். காவல் துறைக்கு நகல் என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது. போலீஸ் எப்போது வரும் என்று பத்து நாளாகக் காத்திருக்கிறேன் என்றார் இந்தியில். கல்பனா தலை குனிந்தாள். நகல் என்று போட்டாரே தவிர சார் யாருக்கும் அனுப்பவில்லை. அரசுக் கடிதத்தில் அது ஒரு பழக்கம், மிரட்டுவதற்குப் போடுவது என்று நான் விளக்கினேன். அந்த அம்மாள் நம்பவில்லை. எப்படி நம்புவார்? போட்டிக்காரர்கள் தன் பெயரைக் கெடுக்க இப்படிப் புகார் எழுதுவது வழக்கமாம். இவள் ஒப்புக்கொள்ளவில்லை என்று மருத்துவமனைக்குத் தெரிவித்து, அந்த இடத்துக்கு வேறு பெண்ணின் பெயரை அனுப்பியும் ஆகிவிட்டது என்றார்.

அடுத்த தொகுதியில் சேர்க்க முடியுமா என்று கல்பனா கேட்டாள். சுத்தமான இந்தியில், குரல் நடுங்காமல் கேட்டாள்.

அந்த அம்மாள் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சரிபார்த்தது நீயா?"

ஆமாம் என்றேன்.

"அப்படியென்றால் லிக் கே தோ. எழுதிக் கொடு. தப்பு யாருடையது, எப்படி நடந்தது, எல்லாம். இந்தப் புகார்க் கடிதத்தின் மேல் அதை வைத்துத்தான் மருத்துவமனைக்கு அனுப்புவேன். இல்லையென்றால் இந்தப் பெண்ணின் பெயரை நான் தொடமாட்டேன்."

வெள்ளைத் தாள் கொடுத்தார். எழுதினேன். நான் ஒரு நாட்டின் இணையதளத்தைப் பார்க்க நினைத்து இன்னொரு நாட்டின் இணையதளத்தைப் பார்த்தேன். நாட்டின் பெயரைச் சரிபார்க்கவில்லை. திரு. உலகநாதன் அவர்களின் கடிதம் என்னுடைய தவறான குறிப்பை ஆதாரமாகக் கொண்டது. கடிதத்தை ரத்தானதாகக் கருதவும். கையெழுத்துப் போட்டு, பெயரை எழுதி, வழக்கம் போல ஊர் முகவரியை எழுதினேன்.

அம்மாள் வாங்கிப் பார்த்தார். "இது எங்கே இருக்கிறது? நாளைக்குப் போலீஸ் வந்தால் உன்னைத் தேடி நான் மதராஸுக்குப் போகவா? டெல்லியில் எங்கே இருக்கிறாய்?"

பேனா கையில் நின்றது. வீட்டு எண்ணை எழுதினால், இந்த வீட்டில் வெளியாள் ஒருவன் குடியிருக்கிறான் என்பதற்கு என் கைப்பட சாட்சி. முன்பின் தெரியாத ஒரு கடையின் இழுப்பறையில் அது கிடக்கும். யாராவது எஸ்டேட் அலுவலகத்துக்கு அனுப்பினால் சாரின் வீடு இரண்டு வருஷம்கூடத் தாங்காது. இந்த அம்மாளே அனுப்பலாம். காவல் துறை என்று மிரட்டியவரை ஏன் சும்மா விடுவார்?

கல்பனாவுக்கும் அது புரிந்தது. என் பக்கம் திரும்பித் தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னாள். "எழுதுங்க அண்ணா. வீடு எப்படியும் போகப் போறதுதான்."

எழுதினேன். பிளாக், வீட்டு எண், கிட்வாய் நகர், புது டெல்லி. அந்த அம்மாள் தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அவரும் என்னைப் போலத்தான் என்று பட்டது. பிறகு பெறப்பட்டது என்று முத்திரை குத்தி, நகலை என்னிடம் கொடுத்தார். பெயரைச் சேர்ப்பதாகச் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார்.

வீட்டில் சொன்னோம். சார் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார். அத்தை ஒரு மாதம்வரை, கதவு தட்டும்போதெல்லாம், பால்காரராக இருந்தாலும், என்னைக் குளியலறைக்குள் போகச் சொன்னாள். நானும் போனேன்.

7

எஸ்டேட் அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. நர்சிங் ஹோமில் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கல்பனா வீட்டில் இருந்தாள். காலையில் நான் கிளம்பும்போது என் டிபன் டப்பாவை எடுத்து வந்து வைப்பாள், பேச்சு ரொம்பக் குறைவு. அந்த நாலு மாதம் எனக்கு அந்த வராந்தாவில் தூக்கம் சரியாக வந்ததில்லை.

பிப்ரவரியில் புதுக் கடிதம் வந்தது. அதே ஏஜென்சி, பஹ்ரைனிலேயே வேறொரு மருத்துவமனை. சார் அதைப் படித்துவிட்டு, பழக்கம் விடுமா, என்னிடம் நீட்டினார்.

"தம்பி, ஒரு குறிப்பு போட்டுரு."

நான் வாங்கவில்லை. "கல்பனாவே பாக்கட்டும் சார்" என்றேன். சார் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். கல்பனா வந்து கடிதத்தை அவர் விரலிலிருந்து உருவிக்கொண்டாள்.

கூட வரச் சொன்னாள். கடையில் தனியாக உட்கார ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். போனேன். அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். முதலில் கடைக்காரரிடம் சொல்லிப் படங்களை வரவைத்தாள். மெதுவாக, மேலிருந்து கீழாக, கொடி வந்தது, சின்னம் வந்தது. நாட்டின் பெயர் வரும்வரை அவள் எதையும் அழுத்தவில்லை. பிறகு உள்ளே போனாள். பட்டியலைத் திறந்தாள். விரலைத் திரையில் வைத்து இறக்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

என்னை அறியாமல் அச்செடுக்கும் பொத்தானைக் காட்டினேன்.

"எதுக்கு பிரிண்ட்? பாத்துட்டேன்ல" என்றாள். எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "ஜல்தி வாங்க அண்ணா, அம்மாட்ட சொல்லணும்" என்று வெளியே நடந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வேகமாக நடந்து பார்த்தேன்.

ஏப்ரலில் போனாள். இப்போது அங்கேதான் இருக்கிறாள். சார் ஓய்வு பெற்று, அவள் அனுப்பும் பணத்தில் ஜனக்புரியில் ஒரு வாடகை வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். நான் கிட்வாய் நகரிலேயே வேறொருவருக்கு உறவினனாக இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் அவளிடம் இதுவரை சொல்லவில்லை. அவள் பட்டியலைப் பார்த்த மறுநாள், மதிய உணவு நேரத்தில் நான் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். அதே பெட்டியில் உட்கார்ந்தேன். கொடி வரும்வரை காத்திருந்தேன், நாட்டின் பெயரை வாய்விட்டுப் படித்தேன், பட்டியலைத் திறந்தேன். அவள் பெயர் இருந்தது. அதன் பிறகும் நம்பிக்கை வராமல் ஒருமுறை மூடிவிட்டுத் திறந்தேன். அப்போதும் இருந்தது. அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் திரும்பினேன்.

அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.